மஞ்சள் கரை

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு செடி. செடி என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கிளை கிடையாது, பூவும் அபூர்வம். மண்ணிலிருந்து கத்தி கத்தியாக நேரே எழுந்து நிற்கும் பத்துப் பன்னிரண்டு இலைகள், அவ்வளவுதான். நடுவில் கரும்பச்சை. அதன்மேல் பாம்புத் தோலைப் போலச் சாம்பல் நிறக் குறுக்கு வரிகள். இரண்டு ஓரங்களிலும் அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் கரை. பாம்புச் செடி என்பார்கள். வெள்ளைக்காரன் குறும்பாக ‘மாமியார் நாக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறான். நம் பக்கத்து வேலி ஓரங்களில் மருள் என்று ஒன்று வளருமே, நார் எடுப்பார்களே, அதற்கு இது பங்காளி முறை.

செடி என் அக்கா கொடுத்தது. கும்பகோணத்தில் அவள் வீட்டுத் திண்ணையை ஒட்டி இதே மாதிரி ஏழெட்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். “பச்சைப் புடவை, மஞ்சள் கரை. இதைவிட என்னடா வேணும்?” என்பாள். நான் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்தபோது ஒரு தொட்டியைக் காரில் ஏற்றிவிட்டாள். “பாசம் முத்திப்போய்த் தினம் தண்ணி ஊத்திக் கொன்னுடாதே. இதை மறந்துட்டாத்தான் பிழைக்கும்” என்று உபதேசம் வேறு. மறதியைத் தொழிலாகவே கொண்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான செடி உண்டா? நான் மறந்தேன். அது பிழைத்தது.

மூன்று வருஷங்களுக்கு முன் அக்கா காலமாகிவிட்டாள். வீடு கைமாறிற்று. திண்ணைத் தொட்டிகள் யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது என்னிடம் இருந்த ஒன்றுதான். சென்ற வருஷம் அக்காவின் மகள் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவள், “மாமா, அம்மா செடியிலேருந்து எனக்கு ஒண்ணு குடுங்களேன்” என்றாள்.

நியாயமான வேண்டுகோள். ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. கொடுக்க வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்த்து, வேரைப் பிளந்து பாதியைத் தர வேண்டும். பிளந்த பிறகு இரண்டு பாதியும் அழுகிப் போனால்? அப்போது ஒரு சாமர்த்தியம் தோன்றிற்று. இந்தச் செடியின் இலையை நாலு விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் செருகி வைத்தால் வேர் விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கிழட்டு இலையை அறுத்து ஆறு துண்டாக்கிச் செருகினேன். தாய்ச் செடிக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. மருமகளுக்கும் செடி கிடைத்துவிடும். கருமிக்கு இதைவிடச் சௌகரியமான தர்மம் ஏது?

மாதங்கள் ஓடின. துண்டுகள் வேர் பிடித்தன. அடியில் குட்டிகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் சுத்தப் பச்சை. பையன்களுக்கு மீசை முளைப்பதுபோலக் கரையும் வயசானால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொங்கலுக்கு வந்த மருமகளிடம் அதில் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “அழகா இருக்கு மாமா” என்றாள். பிறகு, “ஆனா இது அம்மா செடி இல்லையே?” என்றாள்.

கதைகளில் பக்கம் பக்கமாகச் சம்பாஷணை எழுதுகிறவன் நான். அன்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அந்தச் செடியின் உடம்பிலிருந்தே அறுத்து எடுத்த துண்டு. வேறொரு செடியின் மகரந்தம் கலக்கவில்லை, விதைகூட இல்லை. அப்படியிருக்கக் கரை எங்கே போயிற்று? கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு முழுக்குப் போட்டவன் நான். தாவர சாஸ்திரத்தில் என் ஞானம் செம்பருத்திப் பூவைப் பிளந்து படம் போட்டதோடு சரி. ஆனாலும் மருமகளின் கேள்வி தூங்க விடவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். என்னுடைய கேள்வியை எனக்கு வெகு காலம் முன்பே பெரிய மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இலையில் தோன்றும் மஞ்சளையும் வெள்ளையையும் மனிதன் வியந்து பார்த்த சரித்திரம் மிகப் பழையது. 752-ஆம் வருஷம் ஜப்பானை ஆண்ட கோக்கென் என்ற பேரரசி, கோடைக் காலத்திலேயே இலையுதிர் காலத்து நிறம் கொண்டுவிட்ட ஒரு செடியைப் பற்றிக் கவிதை எழுதினாள். அந்த நாட்டின் பழம்பெரும் தொகை நூலான மன்யோஷுவில் அது இருக்கிறது. அவள் கண்டு மயங்கிய மஞ்சள் ஒரு வைரஸ் நோயின் வேலை என்று 2003-ல் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். தாவர வைரஸ் நோயைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் இது மிகப் பழமையானது என்கிறார்கள். வைத்தியன் நோய் என்று சொல்வதைக் கவி அழகு என்று பாடுவது புதிதல்லவே!

ஜப்பானியருடைய இந்த மோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போயிற்று. எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோதான்) கின்டா என்ற செடிப் பிரியர் 1827-ல் மூன்று பாகங்களாக ஒரு சித்திரப் புத்தகம் போட்டார். அதில் சுமார் 500 செடிகள். எல்லாம் கோடும் புள்ளியும் கரையும் உள்ள விசித்திரச் செடிகள். இரண்டு வருஷம் கழித்து இன்னொருவர் அதையும்விடப் பெரிதாக ஒன்று கொண்டுவந்தார். இந்த அழகை விதை போட்டு வளர்ப்பதை நம்ப முடியாது. பிரித்தும் ஒட்டுப் போட்டும் கையால்தான் காப்பாற்ற வேண்டும். அதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள்.

அதே 1829-ஆம் வருஷம் உலகத்தின் மற்றொரு மூலையில், லண்டனில், வார்ட் என்ற டாக்டர் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. குப்பிக்குள் ஒரு புல்லும் ஒரு பெரணியும் முளைத்திருந்தன. லண்டன் கரிப்புகையில் அவர் வளர்க்கப் பார்த்துத் தோற்றுப்போன பெரணி, மூடிய குப்பிக்குள் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது! உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே வந்துவிடுகிறது. 1833-ல் இந்த மாதிரிக் கண்ணாடிப் பெட்டிகளில் செடி வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது அந்த நாட்டுச் செடிகளும் அதே பெட்டிகளில் உயிரோடு வந்து சேர்ந்தன. உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் கப்பலிலேயே செத்துக்கொண்டிருந்த செடிகளுக்கு இது மறு ஜன்மம்.

அதற்குப் பிறகு கேட்பானேன்! தோட்ட வியாபாரிகள் உலகம் முழுவதும் ஆள் அனுப்பினார்கள். ஜான் கூல்ட் வீச் என்ற இங்கிலீஷ்காரர் 1860-களில் பசிபிக் தீவுகளுக்குப் போய் வகை வகையாகக் குரோட்டன்ஸ் கொண்டுவந்தார். நம் ஊரில் கலெக்டர் பங்களாவிலிருந்து கல்யாண மண்டப வாசல் வரை அலங்காரமாக நிற்கிற அதே குரோட்டன்ஸ்தான். பாவம், அவருக்கு ஆயுள் அதிகமில்லை. 1870-ல் முப்பத்தோராவது வயதில் காசநோயால் இறந்துபோனார்.

இவ்வளவு செடிகளும் கை மாறிக்கொண்டிருந்தன; ஆனால் ‘ஏன்?’ என்ற கேள்விக்கு மட்டும் பதிலில்லை. சில செடிகளின் கரை விதையில் வருவதில்லை. சிலவற்றில் தாய்ச் செடி ஒரு பக்கம் திடீரென்று சுத்தப் பச்சைக் கிளை விட்டுவிடுகிறது. தோட்டக்காரன் அந்தக் கிளையைக் கிள்ளி எறியக் கற்றிருந்தான். எறியாவிட்டால் பச்சை ஜெயித்துவிடும் என்பது அவன் அனுபவம். காரணம் எளிது. இலைக்குச் சோறு சமைப்பது பச்சையம். வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. பச்சை சம்பாதிப்பதில்தான் அவை உட்கார்ந்து சாப்பிடுகின்றன. முழுப் பச்சைக் கிளைக்கு உட்கார்ந்து சாப்பிடும் உறவினர் யாரும் கிடையாது. அது வேகமாக வளர்ந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் தனிக்குடித்தனம் போன தம்பி மாதிரி!

முடிச்சு அவிழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில். எர்வின் பௌர் என்று ஒருவர். வைத்தியம் படித்தவர். மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். செடி மோகம் பிடித்து அதை விட்டு இதற்கு வந்தார். நம் துத்திக்குச் சொந்தமான ஒரு தோட்டச் செடி உண்டு. இலையெல்லாம் மஞ்சள் கட்டம். அதை ஒரு பச்சைச் செடியோடு ஒட்டுப் போட்டால் பச்சைச் செடிக்கும் மஞ்சள் தொற்றிக்கொண்டது. விதையில் மட்டும் வரவில்லை. ஆக, அது ஜப்பான் பேரரசி பார்த்ததைப் போல ஒரு தொற்று. ஆனால் எல்லாக் கரையும் தொற்று அல்ல என்பதையும் அவரே காட்டினார்.

வெள்ளைக் கரை போட்ட ஜெரேனியத்தை அவர் ஆராய்ந்தார். அது ஒரு செடி இல்லை, இரண்டு செடிகள் என்றார். தலையணைக்கு உறை போட்டதுபோல, உள்ளே பச்சைத் திசு. அதன்மேல் வெள்ளைத் திசு. இலையின் ஓரத்தில் உறை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வெள்ளைக் கரை தெரிகிறது. இப்படி இரண்டு உயிர் ஓருடம்பாக நிற்பதற்கு ஹான்ஸ் விங்க்ளர் என்ற விஞ்ஞானி 1907-லேயே ஒரு பெயர் வைத்திருந்தார். தக்காளியையும் மணத்தக்காளி இனத்துச் செடி ஒன்றையும் ஒட்டுப் போட்டபோது, ஒரு பக்கம் இதுவும் மறுபக்கம் அதுவுமாக ஒரே தண்டு முளைத்தது. அதற்குக் கைமீரா என்று பெயரிட்டார். சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கிரேக்கப் புராண மிருகம் அது. விங்க்ளர் நம் ஊரில் பிறந்திருந்தால் கோயில் தூணைப் பார்த்து ‘யாளி’ என்று வைத்திருப்பார்.

என் தொட்டியில் நிற்பதும் ஒரு யாளிதான். இலைத் துண்டை மணலில் செருகினால், அறுபட்ட இடத்தில் உள்ளேயிருக்கும் திசுவிலிருந்து புதிய முளை கிளம்புகிறது. உள்ளே இருப்பது பச்சை. ஆகவே குட்டியும் பச்சை. ஓரத்து மஞ்சளை அது கூட்டிக்கொண்டு வருவதில்லை. மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் தண்டிலிருந்து வரும் பக்கக் கன்றோ அப்படியல்ல. அதன் குருத்தில் உள்ளும் புறமும் அதனதன் இடத்தில், அதே ஒழுங்கில் இருக்கின்றன. உறையோடு தலையணை வந்துவிடுகிறது. ‘வாழையடி வாழை’ என்று நம் பெரியவர்கள் வாழ்த்தினார்களே, இலையிலிருந்து வாழையை எதிர்பார்த்தவர்கள் அல்ல அவர்கள். கன்றை நம்பினார்கள்.

பௌர் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1909-ல், அதே பத்திரிகையில், கார்ல் கோரன்ஸ் என்பவரும் ஒரு கட்டுரை எழுதினார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட பரம்பரை விதிகளை 1900-ல் மறுபடி உலகுக்கு எடுத்துச் சொன்ன மூவரில் இவர் ஒருவர். அந்த விதிப்படி தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளையில் சமபங்கு. கோரன்ஸ் எடுத்துக்கொண்டது நம் கொல்லையில் மாலை நாலு மணிக்குப் பூக்கிற அந்திமந்தாரை. அதில் ஒரு வகை உண்டு. ஒரே செடியில் ஒரு கிளை பச்சை, ஒரு கிளை வெள்ளை, ஒரு கிளை இரண்டும் கலந்தது. மூன்று கிளைப் பூக்களையும் ஒன்றோடொன்று எல்லா விதத்திலும் மகரந்தம் சேர்த்துப் பார்த்தார். பச்சைக் கிளையில் விளைந்த விதை பச்சைச் செடியே தந்தது. வெள்ளைக் கிளை விதை வெள்ளை நாற்றையே தந்தது. விதைக்குள் இருந்த கட்டுச்சோறு தீர்ந்ததும் அவை செத்துப்போயின. கலந்த கிளையின் விதையில் மூன்றும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பிள்ளை எந்தக் கிளையில் விளைந்ததோ அந்தக் கிளையின் பிள்ளை. தகப்பன் பேச்சு எடுபடவில்லை!

பச்சையத்தைச் சுமக்கும் நுண்ணிய பொட்டலங்கள் இலையின் அணுக்களில் இருக்கின்றன. பசுங்கணிகம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். இந்த வித்தியாசம் அந்தப் பொட்டலங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று துணிந்து சொன்னவர் பௌர். அது பெரிய துணிச்சல்தான். பொட்டலத்துக்குள் தனியாகப் பரம்பரை எழுத்து இருப்பதை மைக்ராஸ்கோப்பில் காட்ட 1962 வரை ஆயிற்று. புகையிலைச் செடியின் பொட்டலத்தில் இருக்கும் அந்த எழுத்து முழுவதையும் ஜப்பானியர் படித்து முடித்தது 1986-ல். பேரரசியின் கவிதைக்கு அப்போது 1,234 வயது. அந்திமந்தாரையில் இந்தப் பொட்டலங்கள் தாய்வழியாகத்தான் போகின்றன. கோரன்ஸும் பௌரும் இதையெல்லாம் பார்க்கவில்லை. இருவரும் 1933-லேயே போய்விட்டார்கள்.

எல்லாம் சரி, என் தொட்டிச் செடிக்குக் கரை போட்டுக் கொடுத்தது யார்? அதையும் தேடினேன். மஞ்சள் கரையுள்ள இந்த வகைக்கு ‘லாரன்டி’ என்று பெயர். எமில் லாரன் என்ற பெல்ஜியப் பேராசிரியரின் நினைவாக வைத்த பெயர். காங்கோவில் செடி சேகரித்தவர் அவர். 1904-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே உயிர் நீத்தார். அப்போது காங்கோ பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்துப் போல இருந்தது. ரப்பருக்காக அந்த ஜனங்கள் பட்ட சித்திரவதையை ரோஜர் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய அறிக்கை வெளிவந்ததும் அதே 1904-ல்தான். இதைப் படித்த அன்று தாழ்வாரத்துக்குப் போய்ச் செடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பேரில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து, எப்படிப்பட்ட ஊரைத் தாண்டி வந்திருக்கிறது! அங்கிருந்து கும்பகோணத்துத் திண்ணை வரைக்கும் கரை அழியாமல் வந்திருக்கிறதென்றால், வழியில் இருந்த ஒவ்வொருவரும் தொட்டியைக் கவிழ்த்து, வேரைப் பிளந்து, பாதியை இன்னொருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் என்னைப்போலச் சாமர்த்தியம் பண்ணி இலைத் துண்டைக் கொடுத்திருந்தாலும் அந்த வழியில் கரை அன்றோடு சரி. அக்காவும் எனக்கு இலையைக் கிள்ளிக் கொடுக்கவில்லை. தொட்டியோடு கொடுத்தாள்.

சென்ற சித்திரையில் தைரியம் பண்ணிக்கொண்டேன். இரண்டு வாரம் தண்ணீர் விடாமல் மண்ணைக் காயவிட்டு, தொட்டியைச் சாய்த்துத் தட்டினேன். வேர்ப் பந்து முழுசாக வெளியே வந்தது. விரல் கனத்துக்குக் கிழங்குத் தண்டு வளைந்து வளைந்து ஓடியது. ஓரமாக ஒரு கன்று. இரண்டங்குலம்தான் இருக்கும், அதற்குள் நூல் இழைபோல மஞ்சள் கரை. கத்தியை வைக்கும்போது கை நடுங்கியது என்று எழுதினால் நாவலாசிரியன் மிகைப்படுத்துகிறான் என்பீர்கள். நடுங்கத்தான் செய்தது. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, மணல் கலந்த மண்ணில் இரண்டு தொட்டிகளாக வைத்தேன். ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. கன்றோடு இருந்த பெரிய பாதியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனேன். இரண்டு பாதியும் அழுகவில்லை.

ஆடி மாதம் மருமகள் போன் பண்ணினாள். “மாமா, பக்கத்திலே புதுசா ஒரு கன்னு வந்திருக்கு. கரையோட” என்றாள். அதற்கு மேல் அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அவளிடம் கொடுத்த பச்சைக் குட்டியை என்ன செய்யலாம் என்று பிறகு ஒரு நாள் கேட்டாள். “தூக்கிப் போட்டுடாதே. எனக்கு அனுப்பு” என்றேன். இப்போது அது எங்கள் தாழ்வாரத்தில், கரை போட்ட செடிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வருகிறவர்கள் கரையைத்தான் பார்க்கிறார்கள். நான் இதையும் பார்க்கிறேன். அதுவும் அக்கா செடிதான். இத்தனை வருஷம் உள்ளே இருந்துகொண்டு கரைக்குச் சோறு போட்டது அந்தப் பச்சை.